காசி யாத்திரையும் கைச்செலவும்

காசிக்குச் செல்ல விழையும் முதியோர் பலர் செலவை எண்ணித் தயங்குகின்றனர். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சில விமான நிறுவனங்களில் அத்தகைய சலுகை உண்டு. மகாசிவராத்திரி, கார்த்திகைப் பௌர்ணமி நாட்களைத் தவிர்த்து, முன்னரே பதிவு செய்தால் கட்டணம் மேலும் குறையும்.

தங்குவதற்கு, நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் உள்ளது. அறை உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிதல் நலம். விசுவநாதர் பூசைப் பொருள்கள் அங்கிருந்து ‘சம்போ’ முழக்கத்துடன் நாள்தோறும் புறப்படும் காட்சியைக் காணக் கட்டணம் ஏதுமில்லை. அன்னபூரணி அன்னக்ஷேத்திரத்தில் யாத்திரிகர்களுக்கு உணவு இலவசம். இயன்ற காணிக்கை செலுத்தலாம்.

இவ்வாறு மிஞ்சும் தொகை, ஓய்வூதியத்தில் வாழ்வோரைக் கயை வரை அழைத்துச் சென்று பிதுர்க்கடனும் தீர்க்கச் செய்யும். சிக்கனம் கருமித்தனமன்று, யாத்திரை நிறைவுறத் துணை.