கண்டெய்னர் வாங்கப் போன கதை

"மாமா, ஒரு கண்டெய்னர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான் அக்கா பையன், ஞாயித்துக்கிழமை காலையில், நாலாவது இட்லிக்கு நடுவில்.

பாங்க்காரனுக்கு கண்டெய்னர் என்றால் தூத்துக்குடி துறைமுகம், எல்.சி., பில் ஆஃப் லேடிங் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். "இருபது அடியா, நாப்பது அடியா? எக்ஸ்போர்ட் எதுவும் ஆரம்பிக்கப் போறியாடா?" என்று கேட்டேன். தங்கமணி சிரித்தாள். பயல் சிரிக்கவில்லை. "முதுகுல மாட்டுற கண்டெய்னர் மாமா. பாராசூட் வைக்கிறது."

கொஞ்சம் முன்கதை. கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் டல்லாஸில் இருந்தபோது, சனி ஞாயிறுகளில் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அமெரிக்காவில் குறைந்தது 25 தடவை குதித்து, பரீட்சையும் பாஸ் பண்ணினால் 'ஏ' லைசென்ஸ் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் குர்காவ் வந்து சேர்ந்தான். இங்கே ஹரியானாவிலேயே நார்னௌல் பக்கம் குதிக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டாண்டம். தனியாகக் குதிக்க இவன் வருஷத்துக்கு ரெண்டு தடவை தாய்லாந்து போகிறான். இதுவரை எழுபது சொச்சம். ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறான்.

அத்தான் போன பிறகு அக்கா எதற்கும் என்னைத்தான் கேட்பாள். ஒரே பையன். அதனால் "உன் பணம், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்க முடியவில்லை. நான் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைக்கவே யோசிக்கிற ரகம். ஆனால் கேள்வி கேட்பதற்குத்தானே பாங்க்கில் சம்பளம் தருகிறார்கள்? லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தேன்.

அவன் பார்த்து வைத்திருந்தது ஒரு செகண்ட் ஹேண்ட். கறுப்பும் சிவப்பும், பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையங்கள், பார்க்க ஜோராகத்தான் இருந்தது. விலையும் சல்லிசு. புதுசாக முழு செட் வாங்கினால் நம்ம ஊரில் ஒரு சின்னக் கார் விலை ஆகிவிடும் என்பதால் பயலுக்குக் கை பரபரத்தது.

இந்தக் கண்டெய்னர் என்பது என்ன என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். தோள், மார்பு, தொடை எல்லாம் சுற்றிக் கட்டும் வார்களும், முதுகில் ஒரு பையும் சேர்ந்தது. பையில் ரெண்டு அறை. மேலே ரிசர்வ், அதாவது ஆபத்துக்கு உதவும் பாராசூட். கீழே மெயின். வார்கள் ஆளின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அறைகள் உள்ளே வைக்கிற பாராசூட்டின் அளவுக்கு. ஆக மொத்தம் ரெண்டு அளவும் பொருந்த வேண்டும். நிறம் மூன்றாம் பட்சம். (பயலுக்கு அது முதல் பட்சம்.)

"இதுல எவ்வளவு பெரிய மெயின் வைக்கலாம்?" என்று கேட்டேன். "நூத்தம்பது சதுர அடி வரைக்கும்" என்றான் கொஞ்சம் இழுத்தாற்போல.

இழுவைக்குக் காரணம் இருக்கிறது. பாராசூட் ஆட்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். ஆளும் மூட்டையும் சேர்ந்து எத்தனை பவுண்டு, அதைத் துணியின் சதுர அடியால் வகுக்க வேண்டும். புது ஆட்களுக்கு அது ஒன்று, அதற்குக் கீழே இருந்தால் நல்லது. கூடக் கூட வேகம் கூடும், திரும்புவது படு சுறுசுறுப்பாக இருக்கும், தரையைத் தொடும்போது யோசிக்க நேரம் இருக்காது. பயல் 82 கிலோ. ஹெல்மெட், ரிக் எல்லாம் 12 கிலோ என்று வைத்தால் 94. பவுண்டில் 207. இருநூத்திப்பத்து சதுர அடித் துணி என்றால் கணக்கு 0.99. நூத்தம்பது என்றால் 1.38. பெட்டி சின்னது என்பதால் பாராசூட்டையும் சின்னதாக்கி, எழுபது குதிப்பு அனுபவத்தில் 1.38-ல் இறங்கப் போகிறானாம். வீட்டு அலமாரி சின்னது என்று காலை வெட்டிக்கொள்கிற கதை.

"அப்ப பெரிய கண்டெய்னரா வாங்கிட்டா போச்சு, பின்னாடி சின்ன பாராசூட் வச்சுக்கலாமே?" என்று தங்கமணி உள்ளே புகுந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்குகிற லாஜிக். நல்ல கேள்விதான். ஆனால் அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பயல் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினான். மெயின் அறையை மூடுவது நாலு மடல்கள். ஃபிளாப் என்கிறார்கள். கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு, மேலே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கண் வைத்திருக்கும். உள்ளேயிருந்து வரும் ஒரு சின்னக் கயிற்று வளையம் நாலு கண் வழியாகவும் வெளியே வரும். அந்த வளையத்துக்குள் வளைந்த ஊசி மாதிரி ஒரு பின்னைச் சொருகினால் மூடியாச்சு. அதற்கு மேல் பின்னை மறைக்க இன்னொரு மடல். அவ்வளவுதான். பூட்டு கிடையாது, ஜிப் கிடையாது. ஒரு சுண்டுவிரல் நீளக் கயிறு!

பின்னை அந்தக் கயிற்றில் பிடித்து வைத்திருப்பது உள்ளே அடைத்த துணியின் எதிர்ப்பு. துணி திமிறினால் கயிறு விறைப்பாக நிற்கும், பின் அசையாது. பெரிய பெட்டியில் சின்ன பாராசூட்டை வைத்தால் மூட்டை தொளதொள. கயிறு தளரும், பின் தானாக நழுவலாம். ஓரளவு வரை முடிச்சைத் தள்ளிப் போட்டுக் கயிற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். 210-க்கு அளவான பெட்டியில் பின்னாளில் 190 வைக்க அது போதும். அதற்கும் கீழே போக பெட்டியை மாற்ற வேண்டியதுதான். எந்த அறையில் எது இறுக்கம், எது சரி, எது தொளதொள என்று தயாரிப்பாளர்களே அட்டவணை போட்டிருக்கிறார்கள். நம்ம ஆள் அந்த அட்டவணையை விட்டுவிட்டு கலர் சார்ட்டை மனப்பாடம் செய்திருந்தான்.

பின் நழுவினால் என்ன, பாராசூட் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதானே என்றுதான் நானும் கேட்டேன். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. வழக்கமாக, இடுப்புக்குக் கீழே ஒரு ரப்பர் துணிப் பையில் இருக்கும் குட்டி பாராசூட்டைக் கையால் உருவிக் காற்றில் விடுவார்கள். பைலட் சூட் என்று பேர். அது இழுத்துத்தான் பின் கழன்று, பெரியது வெளியே வரும். பின் முதலிலேயே கழன்றுவிட்டால் பெரியது வெளியே போய்விடும், குட்டி மட்டும் பையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு முனையும் ஆளோடு, நடுவில் துணி லாடம் மாதிரி வளைந்து படபடக்கும். 'ஹார்ஸ்ஷூ' என்கிறார்கள். அந்த நிலையில் ரிசர்வை இழுத்தால் அதுவும் போய் இதில் சிக்கலாம். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே இந்தச் சிக்கலைப் பிரிக்க வேண்டும்.

அந்தக் கயிறு விலை என்ன என்று கேட்டேன். சில டாலர்தானாம். பத்தில் ஒரு பங்கு நைந்தாலே தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். எங்கள் கிளையில் லாக்கர் ரூம் கதவு டன் கணக்கில் இருக்கும். திறக்க ரெண்டு பேர் சாவி வேண்டும். இவன் உயிர் ஒரு கயிற்றில்.

அடுத்தது மடல்கள். வயிறு கீழே பார்த்தபடி விழுந்தால் காற்று முதுகுப் பக்கம் அவ்வளவாகத் தாக்காது. இப்போதைய பிள்ளைகள் உட்கார்ந்த மாதிரியும், தலைகீழாகவும் விழுகிறார்கள். வேகம் 240, 290 என்று போகும், காற்று எந்தத் திசையிலிருந்தும் மடலுக்கு அடியில் புகுந்து நெம்பும். பின்னை மூடும் மடல் திறந்து, குட்டி பாராசூட்டிலிருந்து வரும் நாடா வெளியே தெரிந்தால் காற்றே அதை இழுத்துவிடும். அந்த வேகத்தில் பாராசூட் படாரென்று திறந்தால் துணி கிழியலாம், ஆளின் கழுத்தும் தாங்காமல் போகலாம். தோள் பக்கம் வார்களை மூடும் மடல்களுக்கும் இதே கதிதான்.

"வெல்க்ரோ வச்சுத் தச்சிட வேண்டியதுதானே?" என்றாள் தங்கமணி. பழைய கண்டெய்னர்களில் அப்படித்தான் இருந்ததாம். நாள்பட நாள்பட பஞ்சு ஏறிப் பிடிப்பு போய்விடும், போதாக்குறைக்குக் கயிறுகளையும் துணியையும் அரிக்கும். அதனால் இப்போது விறைப்பான நாக்கு மாதிரி ஒன்றை இடுக்கில் செருகும் முறை. சிலதில் காந்தம். நாக்குக்குள் இருக்கும் விறைப்புத் தகடு மடங்கி மடங்கி நொந்துபோனால், செருகியது சும்மா வெளியே வரும். இந்தக் கறுப்பு சிவப்பு அழகியின் ஒரு போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தோம். ஒரு பக்கத் தோள் மடல் லேசாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பயல் அதை அதற்கு முன்னால் கவனித்திருக்கவில்லை. ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தை மூடினான்.

மடல் திறப்பது ஒரு ஆளோடு முடிகிற விஷயமும் இல்லை. விமானத்தின் கதவோரம் நிற்கும்போது பாராசூட் வெளியே கொட்டினால், ஆளை இழுத்துக்கொண்டு போய் வாலில் மோதும். விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டல்லி என்ற ஊருக்கு மேலே 15,000 அடியில், ஒருவருடைய ரிசர்வ் கைப்பிடி விமான இறக்கையின் ஃபிளாப்பில் மாட்டி ரிசர்வ் திறந்துகொண்டது. (இந்த ஃபிளாப் வேறு, விமானத்தினுடையது.) ஆள் வாலில் தொங்கினார். கையில் இருந்த கொக்கிக் கத்தியால் கயிறுகளை அறுத்துக்கொண்டு, மெயினைத் திறந்து காலில் சின்னக் காயத்தோடு இறங்கினார். விமானியும் பத்திரமாக இறக்கிவிட்டார். அந்த வீடியோவை அக்கா பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று குலசை முத்தாரம்மனை வேண்டிக்கொண்டேன்.

அதனால்தான் மூணு மூணாகப் பார்ப்பார்களாம். வளையங்கள் மூன்றடுக்கு, வார்கள் மூன்று, கைப்பிடிகள் மூன்று. முதுகில் இருக்கும் பின்னை இன்னொருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேக்கர், செக்கர்! நம்ம சிஸ்டம்தான். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு நடந்தது சுருக்கமாக. ரெண்டு மாசம் தேடி, 210 சரியாக அடங்கும் கண்டெய்னர் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறம், மூலையில் ஒரு பழைய கறை. ரிசர்வும் 190 சொச்சம், அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மயங்கிய நிலையில்கூட அதில் இறங்க வேண்டி வரலாம் அல்லவா? பணத்தை நேரே விற்பவருக்கு அனுப்பவில்லை. பெட்டி முதலில் லைசென்ஸ் உள்ள ஒரு ரிக்கரிடம் போனது. அவர் தையல், மடல், சீரியல் நம்பர், தயாரிப்பாளர் எச்சரிக்கைகள் எல்லாம் சரிபார்த்து எழுதிக் கொடுத்த பிறகே பணம் கைமாறியது. கூடவே வந்த தானியங்கிக் கருவிக்கும் ஆயுள் தேதி பார்த்தோம். ஆள் கையே வைக்காவிட்டாலும், சுமார் 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது தானே ரிசர்வைத் திறந்துவிடும். எப்படி? ரிசர்வைப் பூட்டியிருக்கும் கயிற்று வளையத்தை ஒரு குட்டிக் கத்தியால் வெட்டி. அங்கேயும் கயிறுதான்!

இடுப்புப் பையின் ரப்பர் துணி தளர்ந்திருந்தது, ரிக்கர் மாற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு டஜன் கயிற்று வளையம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பயல் பத்து போதும் என்றான். டஜன்தான் வாங்கினோம்.

இத்தனைக்கும் கான்பூரில் 1941-லிருந்து பாராசூட் தொழிற்சாலை இருக்கிறது. நான் அந்த ஊரில் மூணு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், அதன் வாசல் வழியாகப் போயும் இருக்கிறேன். அவர்களுக்கு முதல் வேலை ராணுவத்துக்குச் செய்வது. இந்த மாதிரி விளையாட்டுச் சாமானுக்குக் கடல் தாண்டத்தான் வேண்டியிருக்கிறது.

அக்கா போன் பண்ணினாள். "ஏ தம்பி, பொண்ணு பாருன்னா இவன் பெட்டி பாக்கான்னு சொல்லுதாவளே, என்ன பெட்டி அது?" பாராசூட் வைக்கிற பெட்டி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்லா மூடுதா?" என்று கேட்டாள். மூடுகிறது அக்கா, நான் பார்த்தேன் என்றேன்.

இப்போது அது எங்கள் பீரோவுக்குள், வெயில் படாமல் இருக்கிறது. நைலானுக்கு வெயில் ஆகாது, காரின் டிக்கியில் போட்டுவைக்கக் கூடாது என்று கண்டிஷன். ரிசர்வை அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு தடவை ரிக்கர் பிரித்து, பார்த்து, மறுபடி மடிக்க வேண்டும். 2008 வரை அது 120 நாளாக இருந்ததாம். அந்தத் தேதியை தங்கமணி காலண்டரில் எழுதிவிட்டாள், எல்.ஐ.சி. பிரீமியத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில்.