பச்சையா, சாம்பலா?

சாம்பல் கலந்த பச்சைன்னு ஒரு வகை கலர் இருக்கு மக்களே. ஷேட் கார்டுல பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். சுவத்துல ஏறினாத்தான் சுயரூபம் தெரியும். மட்டாஞ்சேரி வீட்டுல அம்மாவோட ரூமுக்கு ரெண்டு ஷேடுல வந்து நின்னோம். ஒண்ணு வெளிர், பச்சை தூக்கல். இன்னொண்ணு அடர், சாம்பல் தூக்கல்.

பேங்க்காரன் புத்தி, முதல்ல நம்பரைப் பார்த்தேன். ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி.ன்னு ஒண்ணு உண்டு. விழுற வெளிச்சத்துல எவ்வளவு திருப்பி அனுப்பும்ங்கிற கணக்கு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. வெளிர் ஷேடுக்கு 60க்கு மேல, அடருக்கு 40க்குப் பக்கம். ஜூன் வந்தா வானம் மூடிக்கிற ஊர் இது. ரூம்ல இருக்கிறதோ ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கிடங்குச் சுவரைப் பார்த்து!

ரெண்டையும் ரெண்டடிக்கு ரெண்டடி, ரெண்டு கோட் அடிக்கச் சொன்னோம். "ராவிலேயும் ராத்திரியும் நோக்கணம் சாரே"ன்னார் பெயிண்டர் சேட்டன். சரியாத்தான் சொன்னார். காலையில பச்சையா இருந்தது, ராத்திரி மஞ்சள் எல்.ஈ.டி. வெளிச்சத்துல காக்கியாயிடுச்சு. வெள்ளை பல்பு போட்டா மறுபடி பச்சை :-)

அம்மாவுக்குப் போன மாசம்தான் வலது கண்ல கேட்டராக்ட் ஆபரேஷன். இடது கண்ணுக்கு இன்னும் ஆகலை. ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்த்துட்டு, "இந்தக் கண்ல பச்சை, அந்தக் கண்ல பழுப்புடா"ன்னாங்க. விளையாட்டில்லை. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீல வெளிச்சத்தை வடிகட்டிடும். ஓவியர் மோனே 1923ல வலது கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இதே கலர் குழப்பத்துல தவிச்சிருக்கார்.

ஆக, இடது கண்ணுக்கு அடர் ஷேட் வெறும் இருட்டு. ராத்திரி எழுந்தா கதவு எது, சுவர் எதுன்னு தெரியணுமே? சுவருக்கு வெளிர், கதவு நிலைக்கு அடர்னு முடிவாச்சு.

கும்பகோணத்து வீட்டைப் பூட்டிட்டு வந்து நாலு மாசம். "கண்ணு சரியானதும் கிளம்பிடறேன்"ங்கிறதுதான் இதுவரைக்கும் அம்மா பேச்சு. பெயிண்ட் காய்ஞ்ச அன்னைக்கு நிலையைத் தடவிப் பார்த்துட்டு, "மழைக்காலத்துல இது எப்படியிருக்குன்னு பார்க்கணும்டா"ன்னாங்க. நான் ஒண்ணும் கேட்டுக்கலை.

டிஸ்கி: சாம்பிளைப் பழைய கலர் மேல நேரா அடிக்காதீங்க. ப்ரைமர் போட்ட இடத்துல அடிச்சுப் பாருங்க, இல்லேன்னா அடியில இருக்கிற கலரும் சேர்ந்து பேசும்.