முப்பத்து நாலு பேருக்கு ஓர் இடம்



பள்ளியை விட்டு வந்து ஆண்டுகள் ஆகியும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், நல்லா இருக்கீங்களா? திருத்தணியில ரூம் கிடைக்குமா?" நலம் விசாரிப்பது முதல் வரி, ரூம் இரண்டாவது வரி. ஆடி மாதம் நெருங்கினால் முதல் வரியும் சில சமயம் இருக்காது. கோபமில்லை. மலையடிவாரத்தில் வீடு இருப்பவளுக்கு இது வரத்தான் செய்யும். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். போன ஆண்டு மே மாதம் எங்கள் குடும்பம் முப்பத்து நாலு பேருக்கு நானே இடம் தேடிய கதையும் சேர்ந்தே வரும்.

முதலில் பொதுவானது. நான்கு பேர், ஐந்து பேர் என்றால் கவலையே இல்லை. தேவஸ்தான விடுதி இருக்கிறது, தனியார் லாட்ஜ்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு சமயங்களில் மட்டும் கடைசி நேரத்தில் கேட்காதீர்கள். ஒன்று ஆடிக் கிருத்திகை. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சமமாக ஆந்திராவிலிருந்தும் மஞ்சள் உடுத்திப் புஷ்பக் காவடியோடு வருவார்கள். மூன்று நாள் தெப்பம், பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று டிசம்பர் 31 இரவு. வள்ளிமலை சுவாமிகள் 1917இல் தொடங்கிய படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைப் பார்க்கப் பழத்தட்டோடு போகிறவர்கள் அதைத் தணிகை துரைக்குக் கொண்டுவரட்டும் என்று ஆரம்பித்தார் என்பார்கள். 365 படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். அந்த இரவில் ஊரில் திண்ணைகூட மிஞ்சாது. அப்போது வருகிறவர்கள் அரக்கோணத்தில் தங்குங்கள். 13 கிலோமீட்டர்தான், ரயிலும் உண்டு.

இனி முப்பத்து நாலு பேர் விஷயம்.

என் தம்பி மகள் சிங்கப்பூரிலிருந்து குழந்தைகளோடு விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாள். "அத்தை, இந்தத் தடவை எல்லாரையும் ஒரே இடத்துல பார்க்கணும்" என்றாள். நகரியில் இருக்கும் எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, 84 வயது. "மலையை இன்னொரு தரம் பார்த்துட்டாப் போதும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று முடிவானது.

நகரி என்றால் சிலர் ஏதோ வெளிமாநிலம் என்று நினைப்பீர்கள். வெளிமாநிலம்தான், ஆனால் பேருந்து ஏறி உட்கார்ந்து நிமிர்வதற்குள் வந்துவிடும். 1957இல் அத்தையைக் கட்டிக்கொடுத்தபோது திருத்தணியும் நகரியும் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடி, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பாதி தெலுங்கில் படித்தது, ஒரு பாதி தமிழில் படித்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சேருவோம், அன்றே பிரிவோம். ஒருவர் வீட்டில் ஒருவர் இரவு தங்குவது எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். இளைஞர்கள் சுறுசுறுப்பு. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு லாட்ஜில் விசாரித்துப் போட்டான்: ஏ.சி. அறை 2,000 ரூபாய். மூன்று பேருக்கு ஓர் அறை என்றாலும் பன்னிரண்டு அறை. இரண்டு இரவுக்கு 48,000. அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 53,760. (2025 செப்டம்பரிலிருந்து இந்த வகை அறைகளுக்கு வரி 5 சதவீதம். அது எங்களுக்குப் பயன்படவில்லை.) "அவரவர் ரூமை அவரவர் புக் பண்ணிக்கலாம், அப்போ யாருக்கும் சங்கடமில்லை" என்று எழுதினான். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன.

ஒரு பதில் மட்டும் தாமதமாக வந்தது. நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. "அக்கா, நாங்க காலைல வந்து சாயங்கால ரயிலுக்குத் திரும்பிடறோம். தறி நிக்கக்கூடாது."

முப்பத்து நாலு வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவளுக்கு இந்த வாக்கியம் புரியாமல் போகுமா? 1989இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப்போனோம். தலைக்கு 25 ரூபாய். கிளம்புகிற நாளுக்கு முந்தைய நாள் ஒரு பெண் வந்து, "டீச்சர், எனக்கு நாளைக்கு வயித்து வலி" என்றாள். நாளைக்கு வரப்போகிற வயிற்று வலியை இன்றைக்கே சொன்ன பிள்ளை. (அவள் இதைப் படிப்பாள். பெயர் சொல்ல மாட்டேன். மாமல்லபுரத்துக்கு வந்தாள், கடலையும் பார்த்தாள்.) தம்பியின் தறியும் அந்த வயிற்று வலி மாதிரிதான். அவன் வீட்டில் ஆறு பேர், இரண்டு அறை, இரண்டு இரவு. வரி இல்லாமலே 8,000 ரூபாய். நூல் விலைக்கும் கூலிக்கும் நடுவில் நிற்கிறவனிடம் அந்தப் பணம் ஏது?

இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுக்கா. தறிக்காரன் கஷ்டம் ஊருக்கே தெரியும், ஃபேஸ்புக்குக்கும் தெரியட்டும்" என்று சிரித்தான்.

அவனுக்கு மட்டும் நான் பணம் கட்டியிருக்கலாம். வாங்கமாட்டான். வாங்கினாலும் அந்த இரண்டு நாளும் தலை குனிந்தே இருப்பான். இன்னொரு விஷயமும் உறுத்தியது. விடுதியில் மூன்று மாடியில் பன்னிரண்டு கதவுக்குப் பின்னால் இருந்தால் எல்லாரும் ஒன்றாக இருந்ததாக ஆகுமா? சாப்பாட்டு நேரத்தில் ஓட்டலில் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். அதற்குச் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டுமா?

என் வீட்டில் இரண்டு படுக்கையறை. பழைய காலம் என்றால் மொட்டை மாடியில் பாய் போட்டிருப்போம். கத்திரி வெயிலில் அந்த மாடி இரவு பதினொரு மணிக்கும் அடுப்புக் கல். ஒரே கழிவறை வேறு. தேவஸ்தான விடுதியில் கேட்டோம், இரண்டு அறை கிடைத்தது. அதற்கு மேல் ஒரு குடும்பம் எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை. மற்ற பக்தர்கள் எங்கே போவார்கள்?

அப்போதுதான் நாட்காட்டியைப் புரட்டினேன். பெரிய குடும்பத்துக்கு அறை தேடுகிறவர்கள் செல்பேசியைத் தொடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைத் தொட வேண்டும் என்பது என் கட்சி. அறை எதற்கு, கல்யாண மண்டபம் இருக்கிறதே! முகூர்த்த நாளில் மண்டபத்தின் பக்கம் போக முடியாது. முகூர்த்தமில்லாத நாளில் அது பூட்டிக் கிடக்கும். செவ்வாய்க்கிழமையில் பெரும்பாலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். மண்டபம் காலி, மலையில் விசேஷம். திங்கள் மதியம் நுழைந்து புதன் மதியம் வெளியே வருவது என்று தேதி குறித்தேன். ஆடி மாதத்திலும் கல்யாணம் கிடையாது, ஆனால் கிருத்திகைக்கு மண்டபங்களையும் முன்பே பிடித்துவிடுவார்கள், நினைவில் வையுங்கள்.

மண்டப மேலாளர் என் பழைய மாணவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? இல்லை. வாடகையை 20,000இலிருந்து நாளுக்கு 15,000 ஆக்க ஒரு மணி நேரம் பேசினேன். மண்டபம் எடுப்பவர்கள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மின்சாரம் மீட்டர் கணக்கா? ஜெனரேட்டர் டீசல் யார் செலவு? சுத்தம் செய்யும் கூலி எவ்வளவு? தண்ணீர் லாரி தேவைப்பட்டால்? கழிவறை எத்தனை, அதில் மேல்நாட்டு வகை எத்தனை? கடைசிக் கேள்விதான் முக்கியம். முட்டி வலிக்காரர்கள் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். நான் தலைகளை எண்ணியதைவிட முட்டிகளைத்தான் அதிகம் எண்ணினேன். தேவஸ்தான அறை இரண்டையும் அதில் மூன்று தம்பதிகளுக்கு ஒதுக்கினேன். ஜமக்காளம், தலையணை, மெத்தை விரிப்பு பந்தல் கடையில் ஆளுக்கு 100 ரூபாய். எல்லாம் சேர்த்து 38,900.

சிங்கப்பூர் குடும்பத்துக்கு மட்டும் லாட்ஜில் ஓர் அறை போட வேண்டியிருந்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கினால், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாத விடுதிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிடும். முதலில் விசாரித்த இடத்தில் அதுதான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் என் மாணவர்கள், "சி ஃபார்ம் போடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

செலவுக்கு வருவோம். மண்டபச் செலவை ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் நால்வர் ஏற்றுக்கொண்டோம். குழுவில் எழுதினேன்: "இடம் பெரியவர்கள் பொறுப்பு. ஆறு வேளைச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. யார் எந்த வேளை என்று பேர் கொடுங்கள். ஓட்டலில் வாங்கக் கூடாது, மண்டபத்தில் அடுப்பு இருக்கிறது." வீட்டுப்பாடம் கொடுத்தால் இன்றும் பயப்படுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முதல் பேர் வந்தது. "செவ்வாய் ராத்திரி எங்களுது அக்கா." நகரித் தம்பி. தறி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

திங்கள்கிழமை எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஒரு ஏ.சி. அறை, அது மணமகள் அறை. அதை அத்தைக்குக் கொடுத்தோம். கதவில் எழுதியிருந்ததை யாரோ படித்துச் சொன்னதும், "அறுபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் பொண்ணு ரூமா? மாப்பிள்ளை எங்கேடி?" என்றார். மணமேடையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகள் இரண்டும் இரவு பதினொரு மணி வரை லாட்ஜுக்குப் போகமாட்டோம் என்று அழுகை.

செவ்வாய் காலை மொட்டை. நேர்த்திக்கடன் முடிக்கு நாள் கிழமை வேண்டாம் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். 2021 முதல் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. நான்கு மொட்டை முடிந்து, நடக்க முடிந்தவர்கள் படியில், முடியாதவர்கள் வண்டியில் மலைப்பாதை வழியாக மேலே போனோம். வரிசையில் இரண்டரை மணி நேரம். அத்தை சன்னிதியில் ஒன்றும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெளியே வந்து வடக்குப் பக்கம் கை நீட்டி, "அதோ, நம்ம ஊரு அந்தப் பக்கம்" என்றார். நம்ம ஊர் என்றது நகரியை.

அன்று இரவு தம்பி மனைவி ராகி சங்கட்டியும் கீரைப் பப்பும் வேர்க்கடலைச் சட்னியும் செய்தாள். கூடவே இரண்டு பெட்டி மாம்பழம். மற்ற ஐந்து வேளையில் பொங்கல், பிரிஞ்சி எல்லாம் இருந்தன. பாத்திரம் துடைத்தாற்போல் காலியானது இந்த வேளைதான். சென்னை அண்ணன் மகன் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு, "சித்தப்பா, இது எப்படிக் கிண்டுறது?" என்று கேட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இவன் தமிழில் கேட்க அவர்கள் தெலுங்கில் சொல்ல, நன்றாகத்தான் புரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜமக்காளத்தில் அத்தையைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில் கிருத்திகைக்கு எங்கே தங்கினீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. "எங்கே தங்குறது? மாட்டு வண்டிக்கு அடியிலதான். மூணு கல்லு வச்சு சோறு பொங்குவோம்." சத்திரம் இல்லையா? "இருந்துச்சு. நம்மளை யாரு உள்ளே விட்டா?" சத்திரங்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம், மதுரை ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்று நம்மிடம் பெருமைக்குரியவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோயில் ஊர்ச் சத்திரங்கள் பலவற்றில் இன்ன சாதி என்று தெரிந்த பிறகுதான் கதவு திறந்தது. இன்று ஆதார் கேட்கிறார்கள், முன்பணம் கேட்கிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இன்றைய லாட்ஜ் கவுன்டரே மேல்.

கொசுவும் இருந்தது, விடியற்காலை தண்ணீரும் ஒருமுறை நின்றது. கழிவறை வாசலில் வரிசை நின்றபடி ஆறரை மணிக்கே இரண்டு பழைய மனஸ்தாபங்கள் பேசித் தீர்ந்தன. மூன்றாவது ஒன்று புதிதாக ஆரம்பித்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

புதன் மதியம் சாவியைக் கொடுக்கும்போது தம்பி, "அடுத்த தடவை நகரியில வச்சுக்கலாம் அக்கா. அங்கே மண்டப வாடகை கம்மி, நான் பேசுறேன்" என்றான். பேசிவிட்டான். வருகிற மே மாதம், இதே போல் ஒரு செவ்வாய்க்கிழமை, முகூர்த்தமில்லாத நாள்.

உறவுகள் கவனிக்க: இதுவரை முப்பத்தொன்பது பேர் வந்திருக்கிறது. மற்றவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் பேர் கொடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் தனியாகக் குறிப்பிடவும். செவ்வாய் ராத்திரிச் சாப்பாடு ஏற்கெனவே போய்விட்டது, அதைக் கேட்க வேண்டாம்.