பெயர் தெரிந்த இரும்பு

பழைய இரும்புக் கடையில் மிதிவண்டிக்கென்று தனி விலை கிடையாது. தராசில் ஏறியதும் அது கிலோக் கணக்காகிவிடுகிறது. சட்டகமும் சக்கர வளையமும் பல்சக்கரமும் ஒரே குவியலில் விழுகின்றன. சில நாள்களில் லாரியேறி உருக்காலைக்குப் போகின்றன. அந்தக் குவியலுக்கும் உருக்காலைக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் பழைய மிதிவண்டி உறுப்புகளைத் தேடுவோர் கடைக்குள் நுழைகின்றனர். கிடக்கும் பல்சக்கரம் ஒன்றைப் புரட்டி, துருவைக் கட்டைவிரலால் துடைத்து, நடுவில் கழுத்து நீண்ட நாரையின் உருவம் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, "இது ராலி" என்கிறார் ஒருவர். அந்த ஒரு சொல்லில் அது எடைக்கு விற்கும் பொருளாக இல்லாமல் போகிறது. கடைக்காரர் அடுத்த முறை அதே விலைக்குத் தரமாட்டார் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

மேலை நாடுகளில் வீட்டார் தம் பழம்பொருள்களை முற்றத்தில் பரப்பித் தாமே விற்பதுண்டு. இந்தியாவில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே வீட்டிலிருந்து வெளியேறும் பொருள் முதலில் தெருவில் குரல் கொடுத்து வருபவரின் தள்ளுவண்டியில் ஏறுகிறது. வடக்கே அவர் கபாடி. தமிழ்நாட்டில் அவர் கொண்டுசேர்க்கும் இடம் காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகரால் அப்பெயர் வந்தது என்பர். அங்கிருந்து தேறியவை சந்தைக்குப் போகும். மும்பையில் சோர் பஜார், புணேயில் ஜூனா பஜார், அகமதாபாத்தில் சபர்மதிக் கரையின் ஞாயிற்றுச் சந்தை, தில்லியில் ஜாமா மசூதியைச் சூழ்ந்த தெருக்கள் ஆகியன தேடுவோரின் வழக்கமான தடங்கள். சென்னையின் மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தது. பழம்பொருள் தேடுவோரின் பேச்சில் அது இன்னும் இறந்தகாலத்துக்குப் போகவில்லை.

தேடலுக்கு முதல் தேவை அடையாளம் காணும் கண். பலகோடி வண்டிகள் ஓடிய நாட்டில் பெரும்பாலானவை ஒரே கறுப்பு நிறம், ஒரே உயரம், ஒரே கம்பித் தடை. வேறுபாடு சிறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. பல்சக்கரத்தில் நாரை இருந்தால் ராலி. விரித்த கை இருந்தால் ரட்ஜ். முன்கவையின் ஒவ்வொரு காலும் இரண்டு மெல்லிய குழாய்களால் ஆகியிருந்தால் ஹம்பர். மூன்று துப்பாக்கிகள் கூம்பாகச் சாய்ந்து நின்றால் பி.எஸ்.ஏ.; 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தோன்றிய நிறுவனம் பின்னாளில் மிதிவண்டிக்கு வந்தபோதும் பழைய தொழிலின் முத்திரையை விடவில்லை. மெருகும் காலத்தைச் சொல்லும். ஏறத்தாழ 1930க்கு முன் நிக்கல் பூச்சு, அதன்பின் குரோமியம். மஞ்சள் சாயல் படர்ந்த மங்கலான வெண்மையைக் கண்டால் தேடுவோரின் கை அங்கேயே நின்றுவிடும்.

காலத்தைத் துல்லியமாகக் காட்டும் உறுப்பு ஒன்றுண்டு: ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேகப் பின்குடம். 1936இல் வந்த அதன் 'ஏ.டபிள்யூ.' வகை உலகெங்கும் பரவியது. குடத்தின் உடலிலேயே ஆண்டு எண்ணைப் பொறிக்கும் வழக்கம் அந்நிறுவனத்துக்கு இருந்தது. வண்டியின் விற்பனைச் சீட்டு தொலைந்திருக்கும், உரிமையாளர் மறைந்திருப்பார், சட்டக எண் சாயத்துக்கடியில் மூழ்கியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்த குடம் மட்டும் தன் பிறந்த ஆண்டைச் சொல்லும். ஆனால் சக்கரம் மாற்றப்பட்டிருக்கக் கூடும் ஆகையால், அந்தச் சான்றையும் பிறவற்றோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். கம்பிகளின் எண்ணிக்கை இங்கே உதவுகிறது. பழைய ஆங்கில முறையில் முன்சக்கரத்துக்கு 32 துளை, பின்சக்கரத்துக்கு 40 துளை. இரண்டும் 36 என்று இருந்தால், யாரோ எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

இந்தியாவில் இத்தேடலுக்குத் தனியொரு சிக்கல் உண்டு. அது பொருளின் பஞ்சத்தால் வருவதன்று, மிகுதியால் வருவது. நாடு விடுதலை பெற்றபின் இறக்குமதி குறைந்து, உள்நாட்டு ஆலைகள் எழுந்தன. சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தோன்றியது. ஆசன்சோலில் சென்-ராலி ஆங்கில நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வண்டி செய்தது. 1980இல் அது நாட்டுடைமையாகி, பின்னர் மூடப்பட்டது. சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ ஆகியன 1950களில் வளர்ந்தன. இவை யாவும் பின்பற்றியது ஆங்கில நாட்டுப்புற வண்டியின் வடிவத்தையே. 28 அங்குலச் சக்கரமும் கம்பித் தடையும் அது பிறந்த ஊரில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இங்கோ பால்காரரின் வண்டியாக, எரிவாயு உருளை சுமக்கும் வண்டியாக ஓடிக்கொண்டே இருந்தன. எனவே 80 ஆண்டுப் பழைய வண்டிக்கு ஏற்ற டயரை இன்றும் சிற்றூர்க் கடையில் கேட்டு வாங்கிவிட முடிகிறது. தடைக்கட்டையும் கிடைக்கும், மிதிகட்டையும் கிடைக்கும். யாவும் ஏறத்தாழப் பொருந்தும்.

அந்த 'ஏறத்தாழ'தான் பல வண்டிகளைக் கெடுத்தது. மிதியச்சு சுழலும் குழாயில் பிற ஆங்கில வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 புரி. ராலிக்கு மட்டும் 26. 24 புரிக் கிண்ணத்தை ராலிச் சட்டகத்தில் திருகினால் முதல் சுற்று இணங்கிப் போகும். பிறகு முறுகும். பொறுமையற்ற கை பெரிய ஸ்பேனரை எடுத்து அழுத்தினால், கிண்ணம் உள்ளே போய்விடும். சட்டகத்தின் புரியும் அதோடு போய்விடும். பழைய சட்டகம் ஒன்றின் அடிக்குழாயைத் தொட்டுப் பார்த்தே, "இதை யாரோ அடித்து ஏற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் சில தெருக்களில் உள்ளனர். அவர்களிடம் அட்டவணை இல்லை. புரியின் அளவு அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது.

அவர்களின் சொல்லையும் தேடுவோர் கற்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் பழைய விலைப்பட்டியலில் உள்ள பெயரைச் சொன்னால் கடையில் எவருக்கும் விளங்காது. இந்தி வழங்கும் ஊர்களில் முன்கவைக்குப் பெயர் சிம்டா. அடுப்படி இடுக்கியின் பெயர்தான் அது. பின்பல்சக்கரத்தின் உள்ளே ஒருபுறம் மட்டும் கவ்வும் சிறு தடுப்பான்களை அங்கே 'குத்தே', அதாவது நாய்கள் என்பர். மிதித்தும் வண்டி நகராவிட்டால் நாய்கள் பெயில் ஆகிவிட்டன என்று பொருள். தமிழில் 'ஸ்போக்ஸ்' என்ற பன்மைச் சொல் 'போக்ஸ்' ஆகி, என்னவென்று விளங்க வேண்டி 'கம்பி'யையும் சேர்த்துக்கொண்டு 'போக்ஸ் கம்பி' ஆயிற்று. குண்டுகள் உருளும் தடத்தைக் குறித்த சொல் 'பால்ரஸ்' ஆகி, தடத்தை விட்டுவிட்டுக் குண்டுகளின் மேல் ஏறிக்கொண்டது. இவற்றைப் பிழையென்று ஒதுக்குவோர் உறுப்பைக் கண்டெடுப்பதில்லை. ஒரு தொழில் தன் கருவிகளுக்கு வைத்த பெயர்கள் இவை. அத்தொழிலின் கடைசி மனிதரோடு இவையும் போகக் கூடியவை. அகராதிகள் இவற்றுள் பலவற்றை இன்னும் ஏற்கவில்லை.

புணேயில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவரின் தேடலில் இவை யாவும் ஒன்றுசேர்ந்தன. அவருடைய தந்தை விட்டுச்சென்றது ஒரு ஹம்பர். குடத்தில் 51 என்ற எண். சங்கிலியை முழுவதும் மூடும் உறை அதில் உண்டு. ஆனால் உறையின் பின்முனைத் துண்டு மட்டும் இல்லை. அத்துண்டு கழற்றக் கூடியது. பின்சக்கரத்தில் பஞ்சர் ஒட்டும்போது கழற்றி, திரும்பப் பூட்டச் சோம்பி, ஓரமாக வைத்துவிடுவது பழுதுபார்ப்போர் வழக்கம். அப்படி ஓரமாக வைக்கப்பட்டவை எத்தனையோ. ஞாயிறுதோறும் அவர் ஜூனா பஜாருக்குப் போனார். 'செயின் கவர்' என்று கேட்டால் புதிய தகட்டு மூடிகளைக் காட்டினார்கள். வரைந்த தாளைக் காட்டத் தொடங்கியபின் தலையசைத்தார்கள், பொருள் வரவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்தன.

ஒருநாள் பழகிய கடைக்காரர் அவரை உள்ளே அழைத்தார். ஒரு முழு ஹம்பர் சுவரில் சாய்ந்திருந்தது. இருக்கை புரூக்ஸ், தோல் கிழியவில்லை. விளக்கு லூகாஸ். உறை முழுமையாக இருந்தது. "முழு வண்டியை இந்த விலைக்கு எவரும் எடுப்பதில்லை, சாகேப். விளக்குக்கு ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார், இருக்கைக்கு ஒருவர். உங்களுக்கு வேண்டியதைப் பிரித்துத் தருகிறேன்" என்றார். ஆசிரியர் முழு வண்டியின் விலையைக் கேட்டார். அவருடைய ஓய்வூதியத்துக்கு அது எட்டுவதாக இல்லை. "இதைப் பிரிக்காதீர்கள், பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு போனபோது விளக்கும் இருக்கையும் போயிருந்தன. சட்டகம் குவியலில் கிடந்தது. உறையின் பின்துண்டு தனியாக, ஒரு தாளில் சுற்றி, அவருக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருந்தது. அவர் வாங்கிக்கொண்டார். அது பொருந்தியது. இரண்டு கறுப்புகளுக்கும் இடையே சிறு நிற வேறுபாடு உண்டு. சாயம் பூசி அதை மறைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அவர் பூசவில்லை. பிற்பாடு அவரைப் பார்க்க வந்தவர்களிடம், "இது என் தந்தையுடையது, இந்தத் துண்டு மட்டும் இன்னொருவருடையது" என்று சுட்டிக்காட்டுவது வழக்கமாயிற்று.

அவர் மறுத்ததால் அந்த வண்டி பிழைத்துவிடவில்லை. வாங்கியதால் அது அழிந்தது என்று சொல்லவும் இயலாது. ஆயினும் இத்தேடலின் நடுவில் உள்ள முள் இதுதான்: ஒன்று முழுமையடைய மற்றொன்று குறைய வேண்டியிருக்கிறது. விருப்பம் கூடக்கூட உறுப்பின் விலை முழு வண்டியின் விலையைத் தாண்டுகிறது. தாண்டியதும் முழு வண்டிகள் பிரிக்கப்படுகின்றன. உருக்காலையிலிருந்து காப்பாற்றிய அதே ஆர்வம், சுத்தியலை வேறொரு கையில் கொடுக்கிறது. இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் வண்டிகளும் தப்புவதில்லை. இஸ்திரி போடுபவரின் ராலிக்குப் புதிய வண்டியொன்றை மாற்றாகக் கொடுத்து வாங்கிச் செல்வோர் உண்டு. இருவருக்கும் மகிழ்ச்சி என்று அதைக் கூறலாம். பழைய பொருளின் சந்தை விலை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்த பேரம் அது என்றும் கூறலாம்.

பிரிக்காமல் காக்கும் வழிகளும் இல்லாமல் இல்லை. புணேயிலேயே விக்ரம் பெண்ட்ஸே என்பவர் தாம் திரட்டிய வண்டிகளைக் கொண்டு மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்றை அமைத்திருக்கிறார். வண்டியோடு விளக்கு, மணி, காற்றடிக்கும் பம்பு, நகராட்சி வரிக்குத் தந்த வில்லைகள் ஆகிய சிறுபொருள்களும் காக்கப்படும்போதுதான் ஒரு காலத்தின் தெரு முழுதாகத் தெரிகிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் அருங்காட்சியகத்தில் இடம் இராது. மற்றவை நிற்க வேண்டிய இடம் வீடுதான்.

எனவே வீட்டின் பின்கட்டிலோ மாடிப்படியின் அடியிலோ தாத்தாவின் வண்டி நிற்குமானால், தெருவில் குரல் கேட்டதும் அவசரப்பட வேண்டியதில்லை. பின்குடத்தைத் துடைத்து எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். பல்சக்கரத்தின் நடுவை நோக்கலாம். கழற்றிய உறுப்புகளை ஒரு துணிப்பையில் இட்டுச் சட்டகத்திலேயே கட்டி வைக்கலாம். இறுகிய காட்டர் பின்னைச் சுத்தியலால் உடனே அடிக்காமல், எண்ணெயிட்டு இரண்டு நாள் விடலாம். ஊரில் முதிய பழுதுபார்ப்பவர் எவரேனும் இருந்தால், வண்டியை அவரிடம் உருட்டிச் சென்று, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளலாம். விற்பதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். விற்றாலும், எதை விற்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.