பாவாடை நாடா சொல்லும் சேதி

பேத்திகளே, உங்கள் அம்மாமாரெல்லாம் 45 வயதைத் தொட்டுவிட்டார்கள். அந்த வயதில் ஒருத்திக்கு வயிறு முன்னால் வந்தால், நம் ஆவூரில் ‘உக்காந்து தின்னா அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். அது அநியாயமான பேச்சு. நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கிறவளுக்கும் வயிறு போடத்தான் செய்கிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு, பிறகு வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிகிறது. ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை அகற்றுவதில் கல்லீரலும் சுணங்குகிறது. அமெரிக்காவில் பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டிலேயே எல்.டி.எல். மளமளவென ஏறுவதை 2009-இல் காட்டியது. ஒல்லியான பெண்ணுக்கும் ஏறலாம்.

எனக்கு முதலில் சேதி சொன்னது பாவாடை நாடாதான். வழக்கமாக முடிச்சு விழும் இடத்தில் நாடா கறுத்து, நைந்து, மடங்கிக் கிடக்கும். அந்தத் தடத்தை விட்டு நுனிப்பக்கம் முடிச்சுப் போட வேண்டி வந்தது. எடை அவ்வளவாகக் கூடவில்லை. நீங்கள் தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம்தான் எல்லை.

கொழுப்பு ஏறினால் வலிக்காது. ரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் 2021 முதல் வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். கொழுப்புப் பரிசோதனையை நாம்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும்போதே அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

பெரியநாயகி மாதா கோயில் திருவிழாவுக்குக் கறி சமைத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். அன்றாடப் பழக்கம்தான் கெடுக்கிறது. வீணாகப் போகுதே என்று பிள்ளைகள் வைத்த மிச்சச் சோற்றை ராத்திரி பத்து மணிக்குத் தின்பதும், அப்பளம் பொரித்த பாமாயிலையே மறுநாள் குழம்புக்கு ஊற்றுவதும் வேண்டாம். சோற்றைக் குறையுங்கள்; கொள்ளு, பயறு, கீரையைக் கூட்டுங்கள். தண்ணீர்க் குடம் சுமந்த காலம் போனது நல்லதே. ஆனால் தசைக்கு வேலை வேண்டும். வேகமாக நடக்க வேண்டும், கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும். இதை இருபது வயதிலேயே நீங்களும் தொடங்குங்கள்.

இன்னொன்று. மூச்சு வாங்குது, தாடையும் தோளும் வலிக்குது, குப்பென்று வியர்க்குது என்று அம்மா சொன்னால், ‘வாயு’ என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.