இடைநிற்போர் கடமை

ஒருவர் சொல்லை மற்றொருவரிடம் சேர்ப்பித்தல் எளிய தொழில் என்று எண்ணுவோர் பலர். பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தொழிலிலேயே உழன்று வரும் தோட்டத்துக் கிராணியாராகிய நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றமையால் நிர்வாகியின் மொழி அறிவோம். தமிழராய்ப் பிறந்தமையால் உழைப்பாளர் மொழியும் அறிவோம். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என இறுமாந்திருந்தோம். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகள் முதன்முதல் ஒன்றோடொன்று பேசிய வரலாற்றைப் படித்த பின்னரே அவ்விறுமாப்பு அடங்கிற்று.

1966-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அர்ப்பா என்னும் ஆராய்ச்சிக் கிளையில் இராபர்ட் டெய்லர் என்பார் பணியாற்றினார். அவர் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. வெவ்வேறிடத்துக் கணினிகள் மூன்றனுக்கும் தனித்தனி முனையம். கட்டளை முறையும் தனித்தனி. ஒன்றை விட்டு மற்றொன்றோடு பேச வேண்டின், எழுந்து இடம் மாறி அமர வேண்டும். ஒரே பெயரைச் செக்ரோலிலும் சம்பளப் புத்தகத்திலும் மாறி மாறி எழுதிக் கைசலித்த நமக்கு அவர் சலிப்பு நன்கு விளங்கிற்று.

எல்லாக் கணினிகளையும் ஒரே வலையில் இணைக்க அவர் விழைந்தார். ஆயின் அவை பல வகையின. ஒன்றன் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. 1967-இல் வெஸ்லி கிளார்க் என்னும் அறிஞர் வழி கூறினார்: பெருங்கணினி ஒவ்வொன்றின் அருகிலும் செய்தி கடத்துவதற்கென்றே ஒரு சிறு கணினியை நிறுத்துக என்றார். இம்ப் எனப்பட்ட அவ்விடைப்பொறி செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அடுத்த பொறிக்கு அனுப்பும். அனுப்பியதோடு தன் வேலை தீர்ந்ததென்று இராது. "பிழையின்றிப் பெற்றேன்" என்னும் விடை வரும்வரை நகலைத் தன்னிடமே காத்து வைத்திருக்கும்; விடை வாராவிடின் மீண்டும் அனுப்பும்.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு முதற்செய்தி சென்றது. 'லாகின்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டெழுத்துச் சேர்ந்ததும் ஸ்டான்போர்டுக் கணினி நின்றுபோயிற்று. தொலைபேசியில் எழுத்துக்கு எழுத்து வினவிக்கொண்டிருந்தமையால் தவறு உடனே தெரிந்தது. ஏறத்தாழ ஒருமணி நேரத்திற்குள் திருத்தவும் பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் சாந்தா பார்பரா, யூட்டா பல்கலைக்கழகங்களும் சேர, வலை நான்கு நிலையங்கள் உடையதாயிற்று.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் கூறுவோம்.

செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் அம்மையார் ஒருவர், தம் மகன் கல்லூரி உதவித்தொகைக்கு எழுதிய மனுவை நம்மிடம் தந்தார். நிர்வாகியின் கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு. "ஆகட்டும்" என்று இழுப்பறையில் வைத்தோம். இருமுறை வந்து கேட்டார். "போயிருக்கும், போங்கள்" என்றோம், திறந்து பார்த்தோமில்லை. கெடு கடந்து இரு வாரம் சென்ற பின்னர், பேரேட்டின் அடியில் அம்மனு அப்படியே கிடந்தது. வாய் திறவாதிருந்துவிட்டோம். மகனுக்குத் தகுதி இல்லை போலும் என்று அத்தாய் எண்ணிக்கொண்டார்.

மறுநாட் காலை அவர் வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னோம். அவர் சினந்திலர். "போகவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், நானே பஸ்ஸேறிப் போய் வழி பார்த்திருப்பேனே, கிராணி ஐயா" என்றார். சினந்திருந்தால் தாங்கியிருப்போம்.

அவ்விளைஞன் மறு ஆண்டு மனுச் செய்து இடம் பெற்றான். இழந்த ஓராண்டை நாம் எவ்வாறு திருப்பித் தருவது?

அர்ப்பா வலை 1990-இல் ஓய்ந்தது. பெற்றதற்கு விடை கூறும் அதன் ஒழுங்கோ இன்றைய இணையத்திலும் வாழ்கிறது. உயிரற்ற பொறிக்குள்ள அவ்வொழுங்கு கற்றறிந்த நம்மிடம் இல்லாது போயிற்றே! இப்போது நம் மேசைமேல் ஒரு குறிப்பேடு உள்ளது. வாங்கிய நாள், அனுப்பிய நாள், விடை வந்த நாள் மூன்றும் அதிற் பதியப்பெறும். தந்தவர் எவரும் புரட்டிப் பார்க்கலாம். எளியோருக்கும் அதிகாரத்திற்கும் இடையே நிற்கும் தோழர்களே, உங்கள் இழுப்பறையை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.