உயிர்களை அளக்கும் கோல்

நிலத்தை அளப்பது எளிது. அந்நிலத்தை நம்பி வாழும் உயிர்களை அளப்பது எளிதன்று. விடைத்தாள்களைத் திருத்தியே தலை நரைத்தவன் நான். ஒரு நாள் தேர்வைக் கொண்டு ஒரு மாணவனை முழுதும் அறிந்துவிட முடியாது என்பதை ஆசிரியர் எவரும் ஒப்புவர். காட்டின் நிலையும் அஃதே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எழுந்த ஒரு சுரங்கத் திட்டத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, இவ்வெண்ணம் என்னுள் உறுதிப்பட்டது.

டூசான் நகருக்குத் தென்கிழக்கே சாந்தா ரீட்டா மலைத்தொடர் உள்ளது. அதன் கிழக்குச் சரிவில் ரோஸ்மாண்ட் என்னும் மாட்டுப் பண்ணை நிலம் உண்டு. அங்கும் அதனை அடுத்த அரசு வனத்திலும் செம்புச் சுரங்கம் அமைக்க ஒரு நிறுவனம் 2007ஆம் ஆண்டில் திட்டம் அளித்தது. ஆண்டுகள் பல ஆய்ந்த வனத்துறை, 2013ஆம் ஆண்டின் இறுதியில் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய இறுதி அறிக்கையை வெளியிட்டது.

மாடு மேயும் நிலத்தில் காட்டுயிர் ஏது என்று சிலர் வினவலாம். மாடுகள் நீர் அருந்த வெட்டிய குட்டைகளே அப்பகுதியில் அருகிவரும் சிறுத்தைத் தவளைக்குப் புகலிடம். நீள்மூக்கு வௌவாலோ, கோடையின் பிற்பகுதியில் ஆனைக்கற்றாழைப் பூவின் தேனை நாடி வருவது. குளிர்காலத்தில் மட்டும் சென்று பார்ப்பவர் தம் ஏட்டில் "வௌவால் இல்லை" என்றே எழுதுவார். அவர் எழுதியது பொய்யன்று. ஆயினும் உண்மையும் அன்று. ஆகவே எல்லாப் பருவங்களிலும் பார்ப்பதே ஆய்வின் முதல் இலக்கணம்.

2012 முதல் 2015 வரை, அம்மலையில் வைத்த தானியங்கி நிழற்படக் கருவிகளில் ஓர் ஆண் ஜாகுவார் மீண்டும் மீண்டும் பதிவாயிற்று. அந்நாளில் அமெரிக்க மண்ணில் அறியப்பட்டிருந்த ஒரே காட்டு ஜாகுவார் அதுதான். டூசான் நகரப் பள்ளி மாணவர்கள் அதற்கு 'எல் ஹெஃபே' என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தனர். 'தலைவன்' என்பது அதன் பொருள்.

இரண்டாம் இலக்கணம், குழியின் விளிம்போடு பார்வையை நிறுத்தாமை. இங்குத் தோண்டவிருந்த குழியின் ஆழம் ஏறக்குறைய அரை மைல். நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே செல்லும் குழி, சுற்றுப்புற நீரைத் தன்பால் ஈர்க்கும். சுரங்கம் மூடிய பின்னரும் அவ்வீர்ப்பு ஓயாது. அதனால் தொலைவிலுள்ள ஓடையும், அதில் வாழும் சிறுமீனும், கரைமரத்தில் கூடு கட்டும் பறவையும் வாடும். இரவு விளக்கும், வெடியோசையும், வண்டிப் போக்குவரத்தும் விலங்கின் வழியை மறிக்கும். இவற்றைத் தனித்தனியே கணக்கிட்டால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால்தான் பெருமை விளங்கும்.

இத்திட்டம் ஜாகுவாரின் நிலைபேற்றுக்கு ஊறு செய்யாது என்று 2016இல் அரசின் வனவிலங்குத் துறை கருதியது. 2019 சூலையில் நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது; ஆனால் விலங்குகளுக்காக அன்று. 190 கோடி டன் கழிவை 2,447 ஏக்கர் வனநிலத்தில் கொட்டும் உரிமை நிறுவப்படவில்லை என்பதே காரணம். ஜாகுவார் பற்றிய கணிப்பில் அந்நீதிமன்றம் 2020இல்தான் குறை கண்டது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

கதை அத்துடன் முடியவில்லை. மலையின் மேற்குப் புறத்தில், தனியார் நிலத்தில் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. அந்நிலத்துக்கு மாநில, உள்ளூர் அனுமதிகளே போதும் என்பது நிறுவனத்தின் நிலை. பட்டா எல்லையில் சட்டம் நின்றுவிடலாம்; வௌவால் நிற்குமோ? ஊற்று நீர் நிற்குமோ?

நம் மலேசியாவிலும் 1988ஆம் ஆண்டு முதல் சுரங்கம் உள்ளிட்ட குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்கு இத்தகைய ஆய்வு சட்டக் கட்டாயம். இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் நாளை அவ்வறிக்கைகளை எழுதக்கூடும். பலர் அவற்றைப் படித்துக் கருத்துரைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுண்டு. "இல்லை" என்று எழுதுமுன், "எப்பொழுது பார்த்தேன், எவ்வளவு தொலைவு பார்த்தேன்?" என்று தம்மைத் தாமே கேட்கும் நேர்மையே அது. தமக்காகப் பேச வாயற்ற உயிர்களுக்கு அந்நேர்மையே வழக்கறிஞர்.